கறுத்த ரத்தம் கண்டால் காத்திருங்கள்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வேலை நிமித்தமாக அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருக்கிறார், இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறார். போன சீசனில் உரிமம் எடுத்து, கிராஸ்போவால் (விசையை இழுத்து அம்பு எய்யும் வில்) வெள்ளைவால் மான் ஒன்றை அடித்தாராம். 15 நிமிடம் கழித்துத் தடம் பார்த்துப் போனபோது கறுஞ்சிவப்பாக ரத்தம் இருந்திருக்கிறது. சற்று தூரத்தில் படுத்திருந்த மான் எழுந்து ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம்கூடத் தென்படவில்லை. "எங்கே தவறினேன்?" என்று கேட்கிறார்.

நீங்கள் சொன்ன நிறத்திலேயே பதில் இருக்கிறது. கறுஞ்சிவப்பாக, நுரையில்லாமல் இருந்தால் அம்பு பெரும்பாலும் கல்லீரலில் பட்டிருக்கும். அந்த மான் பிழைக்காது, ஆனால் உடனே சாகவும் செய்யாது. கொஞ்ச தூரம் போய்ப் படுத்துக்கொள்ளும். 4 முதல் 6 மணி நேரம் விட்டிருந்தால் படுத்த இடத்திலேயே கிடைத்திருக்கும். உங்கள் காலடி கேட்டதும் எழுந்துவிட்டது.

துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அம்புக்குக் கிடையாது. அம்பு முனையின் கத்திகள் ரத்தக் குழாய்களை அறுக்கின்றன, ரத்தம் வடிந்துதான் மான் விழுகிறது. அதனால் பட்ட இடத்தைப் பொறுத்துத்தான் காத்திருக்க வேண்டும். நுரையீரலில் பட்டால் ரத்தம் இளஞ்சிவப்பாக, குமிழ் குமிழாக வரும். பெயரிலேயே நுரை இருக்கிறதே! அதற்கு அரை மணி நேரம் போதும். அம்பில் பச்சை கலந்த பழுப்புக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல். அப்போது 8 முதல் 12 மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஊரில் இருக்கும்போதே ஒருநாள் காலை ரஸ்ஸல் மார்க்கெட் ஆட்டுக்கறிக் கடைக்குப் போய், கல்லீரலையும் நுரையீரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் அந்த நிறங்கள் மறக்காது. ஆனால் வில்லை இங்கே எடுக்கவே கூடாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

மரத்தின் மேலிருந்து அடித்திருந்தால், உடனே இறங்காமல் அங்கேயே உட்கார்ந்து, மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் முதலில் அம்பைத் தேடுங்கள். தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாகவே போங்கள், கடைசியாகக் கண்ட ரத்தத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரை வையுங்கள். தரையை மட்டும் பார்த்தால் போதாது, புல்லின் பக்கவாட்டிலும் செடிகளின் இடுப்புயரத்திலும் ரத்தம் தேய்ந்திருக்கும். சொட்டின் ஓரத்தில் விரல்போல் நீண்ட தெறிப்பு, மான் போன திசையைக் காட்டும். இலையுதிர் காலத்து மேப்பிள் இலைகளில் இயல்பாகவே சிவப்புப் புள்ளிகள் இருக்கும். சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு தெளியுங்கள், ரத்தமாக இருந்தால் பொங்கும்.

மேலிருந்து அடித்து, அம்பு மறுபக்கம் துளைக்காமல் நின்றிருந்தால் ரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே தேங்கிவிடும். முதல் சில கஜங்களில் ஒன்றும் காணாமல் திரும்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து நீங்கள் திரும்பாதீர்கள். தடம் அறுந்தால் கடைசி டிஷ்யூவிலிருந்து சிறு சிறு வட்டமாகத் தேடுங்கள், தண்ணீர் இருக்கும் பக்கத்தையும் பாருங்கள். கயிற்றில் கட்டிய மோப்ப நாய் வைத்திருப்பவரை அழைக்கலாம், பென்சில்வேனியாவில் அதற்கு அனுமதி உண்டு. தடம் அடுத்தவர் நிலத்துக்குள் போனால் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

மான் கிடந்தால் பின்பக்கமாக நெருங்கி, நீளக் குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை அசைந்தால் அப்படியே பின்வாங்கிவிடுங்கள்.