பார்க்லி போன இடத்தில் யார்? ரன்னிங் பேக் கேள்விகளுக்குப் பதில்கள்

அமெரிக்கக் கால்பந்து லீகான NFL-இல், நியூயார்க் ஜயண்ட்ஸ் 2024 மார்ச்சில் சாக்வான் பார்க்லியை விட்டுவிட்டது. அவர் ரன்னிங் பேக், அதாவது பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர். மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர் என்று பேசி, அதே பிரிவில் ஆடும் பிலடெல்பியா ஈகிள்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே 2,005 யார்டு ஓடினார், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலும் வென்றார். ஜயண்ட்ஸுக்கு அந்த வருடம் 3 வெற்றி, 14 தோல்வி. அதிலிருந்து வரும் கேள்விகளுக்கெல்லாம் மூலம் ஒன்றுதான்: நட்சத்திர ரன்னிங் பேக் போனால் அந்த இடத்தை எப்படி நிரப்புவது?

கேள்வி: அண்ணா, பார்க்லியை விட்டது பெரிய தப்புதானே?

அவருடைய கணக்கை இரண்டு அணியிலும் வைத்துப் பாருங்கள். 2023-இல் ஜயண்ட்ஸுக்காக 247 கேரி (பந்தோடு ஓடிய முறை), 962 யார்டு. ஒரு கேரிக்கு 3.9. மறு வருடம் ஈகிள்ஸில் 345 கேரி, 2,005 யார்டு. ஒரு கேரிக்கு 5.8. ஓடியது அதே ஆள். முன்னால் நின்று வழி திறக்கும் ஐந்து பேர் மாறினார்கள், பக்கத்தில் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸ் வந்தார். ஹர்ட்ஸ் தானே பந்தை வைத்துக்கொண்டு ஓடக்கூடியவர். அதனால் ஓரத்தில் நிற்கும் எதிரணி வீரர் அவருக்காக அரை நொடி தயங்குகிறார். அந்த அரை நொடி பார்க்லிக்கு லாபம்.

அதற்காக எல்லாம் ஓ-லைன்தான் (நடுவில் சென்டர், இரு பக்கமும் கார்டு, ஓரத்தில் டேக்கிள் என்ற அந்த ஐந்து பேர் வரிசை) என்று சொல்லிவிட முடியாது. பார்க்லிக்கு முன் ஈகிள்ஸில் ஓடியவர் டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட். 2023-இல் 229 கேரி, 1,049 யார்டு, சராசரி 4.6. அடுத்த வருடம் சிகாகோ பேர்ஸுக்குப் போனார், சராசரி 3.8 ஆனது. ஸ்விஃப்ட் இழந்ததில் பெரும்பங்கு அந்த வரிசை தந்தது. ஸ்விஃப்டின் 4.6-க்கு மேல் 5.8 வரை ஏறியதில் பெரும்பங்கு பார்க்லியின் சொந்தச் சம்பாத்தியம். சென்டர் ஜேசன் கெல்சி ஓய்வு பெற்ற பிறகு வந்த எண் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஜயண்ட்ஸ் ஓ-லைனுக்குச் செலவே செய்யவில்லை என்பதும் சரியில்லை. அதே மார்ச்சில் கார்டு ஜான் ரன்யன் ஜூனியருக்கு மூன்று ஆண்டுக்கு 3 கோடி டாலர் கொடுத்தார்கள். ஆனால் இடது டேக்கிள் ஆண்ட்ரூ தாமஸ் ஆறே ஆட்டத்தில் பாதக் காயத்தோடு வெளியேறினார். என் கணக்கில் அந்த வருடம் ஓட்டத்தைக் கெடுத்ததில் பார்க்லி இல்லாததைவிட தாமஸ் இல்லாததற்குப் பங்கு அதிகம்.

கேள்வி: ஒரு நட்சத்திரம் போனதும் இரண்டு மூன்று பேரை வைத்துச் சமாளித்து ஜெயித்த அணி இருக்கிறதா?

ஜயண்ட்ஸே செய்திருக்கிறது. டிக்கி பார்பர் 2006-இல் 1,662 யார்டு ஓடிவிட்டு ஓய்வு பெற்றார். அணி 8–8. டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் ரன்னிங் பேக் யாரையும் தேடாமல் பார்பரின் வேலையைப் பிரித்தார்கள். 264 பவுண்டு எடையுள்ள பிராண்டன் ஜேக்கப்ஸ் முதல் இரண்டு டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) இடித்து ஓடினார். டெரிக் வார்ட் ஓட்டம், பாஸ் இரண்டுக்கும். புள்ளி எடுக்கும் எல்லையான எண்ட் ஸோன் வாசலில் ரூபன் ட்ரௌன்ஸ். ஏழாம் சுற்றில் 250-ஆவது தேர்வாக வந்த அஹ்மத் பிராட்ஷா கடைசியில் காத்திருந்தார்.

ஜேக்கப்ஸ் காயத்தால் ஐந்து ஆட்டம் ஆடவில்லை, இருந்தும் 1,009 யார்டு. வார்ட் எட்டே ஆட்டத்தில் 602 யார்டு ஓடி, டிசம்பரில் கால் எலும்பு முறிந்தது. அதே மாதம் பிராட்ஷா உள்ளே வந்து பஃபலோவில் 88 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 2008 பிப்ரவரியில், தோல்வியே காணாமல் வந்த பேட்ரியாட்ஸை 17–14 என்று வென்ற சூப்பர் பௌலில் ஜயண்ட்ஸ் தரப்பில் அதிகம் ஓடியவரும் அந்த ஏழாம் சுற்றுப் பையன்தான்: 9 கேரி, 45 யார்டு.

டீல், சூபர்ட், ஓ'ஹாரா, ஸ்னீ, மெக்கென்சி என்று அந்த ஐந்து பேர் வரிசை கலையாமல் நின்றது. அதைப் பார்க்காமல் வெறுமனே மூன்று பேரைச் சேர்த்தால் மூன்று சுமாரான ஆள்தான் மிஞ்சும்.

கேள்வி: முதல் சுற்றில் ஒருவரை எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா சார்?

சில சமயம் தீரும். இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் இதை இரண்டு முறை செய்தது. 1999-இல் மார்ஷல் ஃபால்க்கை ராம்ஸுக்கு அனுப்பிவிட்டு, நான்காவது தேர்வில் எட்ஜரின் ஜேம்ஸை எடுத்தார்கள். முதல் வருடமே 1,553 யார்டு, லீகிலேயே அதிகம். 2005 முடிந்து ஜேம்ஸும் அரிஸோனாவுக்குப் போனார். 30-ஆவது தேர்வில் வந்த ஜோசப் அடாய், ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க வீரராக இறங்காமல் 1,081 யார்டு ஓடினார். டொமினிக் ரோட்ஸ் 641. அந்தப் பருவம் கோல்ட்ஸ் சூப்பர் பௌல் வென்றது. அரிஸோனாவில் ஜேம்ஸ் 337 முறை ஓடி, சராசரி 3.4-இல் நின்றார்.

டென்வர் போன வழி வேறு. டெரல் டேவிஸ் 1998-இல் 2,008 யார்டு. 1999-இல் நான்காவது ஆட்டத்தில் முழங்கால் போனது. அந்த வருடம் நான்காம் சுற்றுப் புதுமுகம் ஒலாண்டிஸ் கேரி 1,159. அடுத்த வருடம் ஆறாம் சுற்று மைக் ஆண்டர்சன் 1,487. 2002-இல் இரண்டாம் சுற்று கிளிண்டன் போர்ட்டிஸ் 1,508. போர்ட்டிஸைக் கொடுத்து சாம்ப் பெய்லியை வாங்கிய 2004-இல், மேலே சொன்ன அதே ட்ரௌன்ஸ் 1,240. பயிற்சியாளர் அலெக்ஸ் கிப்ஸ் கட்டிய ஸோன் பிளாக்கிங் (ஓ-லைன் ஒரே பக்கமாக நகர்ந்து அவரவர் பகுதியை அடைப்பது) முறைக்கு எப்படிப்பட்ட கால் வேண்டும் என்று தெரிந்துவைத்து, அந்தக் காலை மட்டும் தேடினார்கள்.

டென்வரை உதாரணம் காட்டுபவர்கள் விட்டுவிடும் விஷயம் ஒன்று: கேரி 1,159 யார்டு ஓடிய 1999-இல் அணி 14–2-இலிருந்து 6–10-க்கு விழுந்தது. குவாட்டர்பேக் ஜான் எல்வே அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தார். ஓடும் யார்டை ஈடுகட்டலாம், குவாட்டர்பேக் போன பள்ளம் அதனால் மூடாது.

கேள்வி: புதுப் பையன் நன்றாக ஓடுகிறான். ஆனால் மூன்றாவது டவுனில் வெளியே உட்கார வைக்கிறார்கள். ஏன்?

பந்தோடு ஓடுவது கல்லூரியிலேயே வந்துவிடும். குவாட்டர்பேக்கைக் காப்பது அப்படி வருவதில்லை. ஐந்து லைன்மேனோடு ரன்னிங் பேக் ஆறாவது காவலர். ஸ்னாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் நொடி) முன் சென்டர், எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவரைச் சுட்டிக் கணக்கு சொல்வார். வரிசை ஒரு பக்கம் சாய்ந்து அடைத்தால், மறுபக்கம் திறந்த இடம் ரன்னிங் பேக்கின் பொறுப்பு.

பார்வை எப்போதும் உள்ளிருந்து வெளியே போக வேண்டும். முதலில் சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் உள்ள ஏ-கேப், பிறகு அடுத்த இடைவெளி, கடைசியில் ஓரம். இரண்டு பேர் வந்தால் உள்ளே வருபவரைத்தான் தடுக்க வேண்டும். குவாட்டர்பேக்குக்கு மிகக் குறுகிய வழி அதுதான். ஓரத்தில் வருபவர் சுற்றி வருவதற்குள் பந்து கையை விட்டுப் போய்விடும். யாருமே வரவில்லை என்றால் வெளியே நழுவி பாஸுக்குத் தயாராக வேண்டும். இத்தனைக்கும் இரண்டு நொடிதான் அவகாசம்.

புதியவர்கள் செய்யும் தவறுகள் மூன்று. நின்ற இடத்திலேயே மோதலை வாங்குவார்கள். 240 பவுண்டு லைன்பேக்கர் ஐந்து யார்டு ஓடி வந்து மோதினால் எந்த ரன்னிங் பேக்கும் பின்னால்தான் போவார், அதனால் முன்னேறி வரிசை அருகே சந்திக்க வேண்டும். தலையைக் குனிவார்கள், வருபவர் பக்கவாட்டில் நகர்ந்தால் கண்ணுக்கே தெரியாது. கையை வெளியே விரித்துப் பிடிப்பார்கள், ஹோல்டிங் (எதிரியைப் பிடித்து நிறுத்தும் தவறு) என்று நடுவரின் கொடி விழும். ஒரே தவறில் குவாட்டர்பேக்கின் தோள் போகும் என்பதால் பயிற்சியாளர்கள் இதில் இரக்கம் காட்டுவதில்லை, காட்டவும் கூடாது.

கேள்வி: ஜயண்ட்ஸில் இப்போது ஓடும் டைரோன் ட்ரேசி முதலில் ரிசீவர்தானே (பாஸ் பிடிப்பவர்)? அவரை நம்பலாமா?

கல்லூரியில் நெடுங்காலம் ரிசீவர்தான். ஐந்தாம் சுற்றில் வந்து 2024-இல் 192 கேரி, 839 யார்டு, சராசரி 4.4. மூன்று ஆண்டுக்கு 1.65 கோடி டாலர் பேசி வாங்கிய டெவின் சிங்கிள்டரியைத் தாண்டிவிட்டார். ஓட்டத்தில் குறை சொல்ல இடமில்லை, ஓடும்போது பந்தைக் கைவிடாமல் வைத்திருப்பதில் இருந்தது. மியூனிக்கில் கரோலினாவுக்கு எதிராக, கூடுதல் நேரத்தின் முதல் ஸ்னாப்பிலேயே பந்தை விட்டார். கரோலினா 20–17 என்று வென்றது.

இது திருத்தக்கூடிய குறை. டிக்கி பார்பர் 2003-இல் ஒன்பது முறை பந்தை விட்டவர். 2004-இல் வந்த டாம் கஃப்லினும் ரன்னிங் பேக் பயிற்சியாளர் ஜெரல்ட் இங்ரமும் அவர் பிடியை மாற்றினார்கள். மணிக்கட்டு முழங்கைக்கு மேலே, பந்து நெஞ்சோடு ஒட்டி உயரத்தில், விரல்கள் பந்தின் முனையை மூடி. பந்தின் பின்முனை முழங்கை மடிப்பில் பதிய வேண்டும், அங்கே வெளிச்சம் தெரிந்தால் பின்னாலிருந்து ஒரு குத்தில் வெளியே வந்துவிடும். 2005-இல் பார்பர் 1,860 யார்டு ஓடி ஒரே ஒரு முறைதான் விட்டார்.

கேள்வி: சந்தையில் பெரிய பெயரை வாங்கினால்?

எந்த ஓட்டத்துக்கு என்று முதலில் கேளுங்கள். டிமார்கோ மர்ரி 2014-இல் டல்லஸில் 392 கேரி, 1,845 யார்டு. குவாட்டர்பேக்குக்கு ஏழு யார்டு பின்னால் நின்று, வேகமெடுத்து வந்து பந்தை வாங்கி, ஒரே வெட்டில் மேலே ஏறுபவர். ஈகிள்ஸ் வாங்கியது. அங்கே சிப் கெல்லியின் முறையில் குவாட்டர்பேக்குக்குப் பக்கத்தில் நின்று, பக்கவாட்டில் நகர்ந்தபடி பந்தை வாங்க வேண்டியிருந்தது. 702 யார்டு, சராசரி 3.6. அடுத்த வருடம் டென்னஸி அவரைப் பழைய மாதிரி ஓட விட்டது, 1,287 யார்டு வந்தது. 392 கேரியின் களைப்பும் நடுவருடத்தில் சேர்ந்திருக்கும், ஆனால் முறை பொருந்தாததுதான் பெரிய காரணம் என்பேன்.

ஸோன் முறையிலேயே ஓரத்தை நோக்கி ஓடும் அவுட்சைட் ஸோனில் மூன்றாவது அடியில் முடிவெடுத்து ஒரே ஒரு முறை திரும்ப வேண்டும். இரண்டு முறை திரும்பினால் பின்பக்கத்து லைன்மேன் வந்து பிடித்துவிடுவார். பவர், கௌண்டர் வகையில் அவசரம் ஆகாது. எதிர்ப்பக்கத்துக் கார்டு சுற்றி வந்து வழி திறக்கும்வரை அவர் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். முந்திக்கொண்டால் யாரும் தடுக்காத லைன்பேக்கரிடம் நேராகப் போய் முட்டுவார்.

கேள்வி: நடுப்பருவத்தில் காயமானால் வெளியிலிருந்து ஆள் கிடைப்பாரா?

2018 டிசம்பரில் டாட் கர்லியின் முழங்கால் படுத்தியபோது ராம்ஸ் சி.ஜே. ஆண்டர்சனைச் சேர்த்தது. அதே பருவத்தில் வேறு இரண்டு அணிகள் விட்டுவிட்ட ஆள். அரிஸோனாவுக்கு எதிராக 167, சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிராக 132, பிளேஆஃபில் டல்லஸுக்கு எதிராக 123. டென்வரில் ஸோன் ஓட்டம் பழகியவர் என்பதால் ஒரே வாரத்தில் பொருந்தினார்.

கேள்வி: நீங்கள் ஒரு அணியைக் கட்டினால் கேரியை எப்படிப் பங்கிடுவீர்கள்?

ஒரு ஆட்டத்துக்குச் சுமார் 26 ஓட்டம் என்று வைத்தால், குவாட்டர்பேக்கின் 4-ஐக் கழித்து 22 மிச்சம். முதல் ஆளுக்கு 13, இரண்டாமவருக்கு 7, மூன்றாமவருக்கு 2. மூன்றாமவர் பாஸ் காவலும் பாஸ் பிடிப்பும் தெரிந்தவராக இருக்க வேண்டும். 2024-இல் கிக்காஃப் விதி மாறிய பிறகு, உதையைத் திருப்பி ஓடவும் தெரிந்தால் அவருக்கு அணியில் இடம் உறுதி.

இதில் ஒரு பொறி உண்டு. பாஸுக்கென்றே ஒருவரை வைத்தால், அவர் உள்ளே வந்தவுடன் எதிரணிக்கு விஷயம் தெரிந்துவிடும். அவர் களத்தில் இருக்கும் நான்கு ஸ்னாப்பில் ஒன்றாவது ஓட்டமாக இருக்க வேண்டும், பாஸ் போலக் காட்டி ஓடும் டிரா மாதிரி. முதல் ஆளுக்கும் ஒரு ஆட்டத்துக்கு மூன்று பாஸாவது எறிய வேண்டும்.

2025 டிராஃப்டின் நான்காம் சுற்றில் ஜயண்ட்ஸ் கேம் ஸ்காட்டபோவை எடுத்தது. இடித்து ஓடுபவர், பாஸும் பிடிப்பவர். அக்டோபரில் ஈகிள்ஸுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் கணுக்கால் பிசகி அந்தப் பருவமே முடிந்தது. ட்ரேசி ஏற்கனவே அணியில் இருந்ததால் மறு வாரம் வெளியே ஆள் தேட வேண்டி வரவில்லை.

கேள்வி: டி.வி.யில் பார்த்தே மாற்று ஆள் தேறுவாரா என்று சொல்ல முடியுமா?

முடியும், பந்தைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பாருங்கள். ஸ்னாப்புக்கு முன் இரண்டு டேக்கிளுக்கு நடுவே எதிரணி எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எட்டுப் பேர் இருந்து நான்கு யார்டு வந்தால் அது நல்ல ஓட்டம். ஆறு பேர் இருந்து நான்கு என்றால் வரிசைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அடுத்து, முதல் கை அவர்மேல் பட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அதற்குப் பிறகு எத்தனை யார்டு போனார் என்று பாருங்கள். மூன்றாவதாக, பாஸ் எறியும்போது கண் அவர்மேலேயே இருக்கட்டும். நான்கு ஆட்டத்துக்கு இந்த மூன்றையும் ஒரு தாளில் குறித்தால் போதும்.