பத்திரத்தில் வீடு மட்டும், நிலம் இல்லை: ஏமாற்றா?

அட்லாண்டாவில் ஒரு வீடு பார்த்தீர்கள்; பத்திரத்தில் வீடு மட்டும்தான், நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை என்கிறார்கள், விலையும் குறைவு, இது ஏமாற்றா என்று கேட்டிருந்தீர்கள். ஏமாற்று இல்லை. அந்த வீடு அநேகமாக ஒரு சமூக நில அறக்கட்டளையுடையது (community land trust). வீடு உங்கள் பெயருக்கு வரும், நிலம் அறக்கட்டளையிடமே நிற்கும். அதற்குத்தான் அந்த 99 ஆண்டுக் குத்தகை. விலை அக்கம்பக்கத்தைவிடக் குறைவாக இருப்பதும் அதனால்தான்.

இந்த ஏற்பாடு பிறந்ததே உங்கள் ஜார்ஜியா மாநிலத்தில்தான். ஓட்டுரிமைக்காக நின்ற கறுப்பின விவசாயிகளைப் பண்ணையார்கள் குடியிருந்த இடத்தைவிட்டே கிளப்பினார்கள். அதனால், யாரும் விரட்ட முடியாத மண் வேண்டுமென்று கறுப்பின உரிமைப் போராளிகள் 1969இல் ஆல்பனி அருகே நியூ கம்யூனிட்டீஸ் என்ற அமைப்பைத் தொடங்கி, சுமார் 5,700 ஏக்கரைப் பொதுவில் வைத்தார்கள். (1985இல் கடனில் அதையும் இழந்தது தனிக் கதை.)

கையெழுத்துக்கு முன் குத்தகைப் பத்திரத்தில் மறுவிற்பனை விலை பற்றிய பத்தியைத் தேடுங்கள். மதிப்பு உயர்வில் உங்கள் பங்கு 25 சதவீதம் என்றிருந்தால், வீடு 80,000 டாலர் ஏறினாலும் லாபமாக உங்கள் கைக்கு 20,000தான். அப்புறம், பிள்ளைகளுக்குப் போகுமா என்ற வரியையும் பாருங்கள். பொதுவாகப் போகும், ஆனால் நிபந்தனைகள் இடத்துக்கு இடம் மாறும்.

இன்னும் ஒன்று, எல்லா வங்கியும் இதற்குக் கடன் தராது. யார் தருகிறார்கள் என்று அறக்கட்டளையிடமே கேட்டுவிட்டு முன்பணம் கட்டுங்கள்.