முதல் சுற்றிலேயே அவுட்!

கேள்வி: எம்.பி.ஏ. முதலாண்டு படிக்கிறேன். நிறுவனங்கள் நடத்தும் கேஸ் போட்டிகள் (ஒரு வணிகச் சிக்கலைக் கொடுத்துத் தீர்வு கேட்பார்கள்) மூன்றில் டீமாகக் கலந்துகொண்டோம். மூன்றிலும் முதல் சுற்றோடு சரி. இதெல்லாம் நேர விரயமா?
- ஒரு வாசகி, கோவை

பதில்: விரயம் என்று சொல்ல மாட்டேன், ஜெயித்தால் பரிசுப் பணத்தோடு சில நிறுவனங்கள் வேலைக்கான நேர்முகத்துக்கே நேராகக் கூப்பிடுகின்றன. அழகுப் பொருள் நிறுவனமான லோரியல் 1992 முதல் நடத்தும் பிராண்ட்ஸ்டார்ம் மாதிரியான போட்டிகளுக்கு உலகம் முழுக்க இருந்து குவிகிறார்கள், அத்தனையையும் படிக்கிற நடுவர் உங்கள் ஸ்லைடுக்கு எவ்வளவு நேரம் தருவார் என்று யோசியுங்கள். அதனால் தீர்வை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்வாட் கட்டம் (பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம்) போட்டு இடத்தை அடைப்பதை விடுங்கள் (எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்!).

அப்புறம், லேப்டாப்பை மூடிவிட்டுத் தெருமுனை மளிகைக் கடைக்குப் போய், போட்டியில் கொடுத்த பொருளில் அவருக்கு என்ன லாபம் நிற்கிறது, கம்பெனிக்காரர்கள், எத்தனை நாள் கடன் தருகிறார்கள், விற்காததைத் திரும்ப எடுக்கிறார்களா என்று அண்ணாச்சியிடம் கேளுங்கள். ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் போட்ட கடலூர் சின்னி கிருஷ்ணனுக்கு மொத்தமாக வாங்க முடியாதவரின் பர்ஸ் தெரிந்திருந்தது. டீமில் கணக்குப் போடத் தெரிந்த ஒருவராவது இருக்கிறாரா? இல்லையென்றால் முதலில் அவரைத் தேடுங்கள்.