கிறிஸ்தவ வரலாற்றின் கோட்பாட்டுச் சண்டைகளில் சாதாரண விசுவாசியை நேரடியாகத் தொட்டது எது?

என்னைக் கேட்டால் தொனாத்துவாதம்தான். கிறிஸ்து யார் என்பது பற்றிய ஆரியுஸ், நெஸ்தோரியுஸ் விவகாரங்கள் பெரியவைதான், ஆனால் அவை பெரும்பாலும் இறையியல் படித்தவர்களின் வாதம். இந்தச் சண்டையோ, சாமியார் (குரு) சரியில்லை என்றால் அவர் கையால் நன்மை (நற்கருணை) வாங்கலாமா என்ற கேள்வி. இன்றைக்கும் எந்தப் பங்கிலும் இதைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

303-இல் ரோமைப் பேரரசன் டயோக்ளீசியன், கிறிஸ்தவக் கோயில்களை இடித்து வேதப் புத்தகங்களை எரிக்க ஆணையிட்டான். வட ஆப்பிரிக்காவில் சிர்த்தா என்ற ஊரில் நடந்த சோதனையின் அரசுப் பதிவு அப்படியே கிடைத்திருக்கிறது. தங்கக் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்களுக்கான அங்கி 82, பெண்கள் செருப்பு 47 ஜோடி என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணிகளாக இருக்க வேண்டும். வேதப் புத்தகங்கள், கோயிலில் அவற்றை வாசிக்கும் பணியில் இருந்த வாசகர்களின் வீடுகளில் இருந்தன. அவர்கள் பெயரைச் சொல்ல மறுத்த இருவர், "நாங்கள் காட்டிக்கொடுப்பவர்கள் இல்லை, கொல்லச் சொல்லுங்கள்" என்றார்கள். ஆனால் அதிகாரிகள் வீடு வீடாகப் போனதும் வாசகர்களே புத்தகங்களை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

துன்புறுத்தல் ஓய்ந்த பிறகுதான் பிளவு வந்தது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகருக்கு செசிலியான் ஆயரானார். அவரைத் திருநிலைப்படுத்திய ஆயர் ஃபெலிக்ஸ் துன்புறுத்தலின்போது வேதப் புத்தகத்தை அதிகாரிகளிடம் கொடுத்தவர், அதனால் அது செல்லாது என்று ஒரு கூட்டம் தனி ஆயரை வைத்துக்கொண்டது. அந்தத் தனி ஆயருக்குப் பின் வந்தவர்தான் தொனாத்து, தொனாத்துவாதம் என்ற பெயர் இவரால் வந்தது. தங்களிடம் வந்தவர்களுக்கு மறுபடியும் திருமுழுக்குக் கொடுத்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று தெரிந்தது, அவருக்கு எதிரான கடிதத்தில் போலியாகச் சேர்த்து எழுதியிருந்தார்கள். செசிலியானை எதிர்த்த ஆயர்களில் ஒருவர் சில்வானுஸ். அவர் உபதியாக்கோனாக (குருவுக்குக் கீழ்நிலைத் திருப்பணியாளராக) இருந்தபோது, அதே சிர்த்தா சோதனையில் வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் எடுத்துக் கொடுத்தவர் என்பது 320-இல் அம்பலமானது. தூய்மையை அளவுகோலாக வைத்தால் யார்தான் தேறுவார்கள்?

ஒரு நூற்றாண்டு கழித்து வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தினார் சொன்ன பதில் எனக்குப் பெரிய ஆறுதல். யூதாஸ் திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்றார் அவர். பிழை செய்த குருவுக்கு இது பாதுகாப்பு என்று நினைக்கக் கூடாது, அவர் தண்டிக்கப்பட வேண்டியவர்தான். பாதுகாப்பு விசுவாசிக்கு. நாற்பது வருஷம் முன்பு தனக்குத் திருமுழுக்குக் கொடுத்தவரின் மனசாட்சியை அவர் துருவிப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் அதே அகுஸ்தினார், முதலில் வற்புறுத்தல் கூடாது என்றிருந்தவர், பின்னர் மனம் மாறினார். நற்செய்தியின் விருந்து உவமையில் வரும் "கட்டாயப்படுத்தி உள்ளே கூட்டி வா" என்ற வரியை அரசுப் பலத்துக்கு ஆதாரமாக்கினார். 411-இல் கார்த்தேஜில் இரு தரப்பிலும் தலா ஏறக்குறைய 280 ஆயர்கள் கூடினார்கள். தலைமை வகித்த பேரரசரின் அதிகாரி தொனாத்து தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார். அடுத்த வருஷமே அபராதம், கோயில் பறிமுதல். வாதத்தில் ஜெயித்தவர்கள் இதைச் செய்திருக்கவே கூடாது. அகுஸ்தினார்மேல் எனக்கு உள்ள தீராத வருத்தம் இது. அடக்கியும் அவர்கள் அழிந்துவிடவில்லை. 590-களில்கூட திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆப்பிரிக்காவின் தொனாத்துவாதிகளைப் பற்றிக் கவலைப்பட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.