வாளை எப்போதுதான் உருவுவார்கள்?

கேள்வி: ‘13 அசாசின்ஸ்’ என்ற ஜப்பானிய சாமுராய் (வாள்வீரர்) படம் பார்க்க உட்கார்ந்தேன். முதல் பாதி முழுக்க ஒரே பேச்சு. நேராகச் சண்டைக்குத் தாவிவிடலாமா?

பதில்: தாவலாம், ரிமோட் உங்கள் கையில். அப்புறம் யார் யாரை எதற்கு வெட்டுகிறார்கள் என்றே புரியாமல் சேற்றையும் ரத்தத்தையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். தகாஷி மீகே 2010-இல் எடுத்த இந்தப் படத்தின் கதை நடப்பது 1844-இல். அப்போது ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த தோகுகவா வம்சத்தின் ஆட்சி தொடங்கியது 1603-இல். பெரிய போர்கள் ஓய்ந்தே இருநூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. சாமுராய்களின் இடுப்பில் வாள் தொங்குகிறது, மனிதனை வெட்டிப் பழக்கம்தான் இல்லை! அந்தப் பேச்சுக் காட்சிகளில் இந்தச் சங்கடத்தைப் பாருங்கள். கொல்லப்பட வேண்டியவனோ நாட்டை ஆளும் ராணுவத் தலைவரான ஷோகுனின் தம்பி, படுபாவி. எனக்குப் பிடித்தது அவனுக்குக் காவல் நிற்கும் ஹன்பெய். எசமான் அயோக்கியன் என்று தெரிந்தும் கடமை என்று விடாமல் நிற்கிறார். கோஜி யகுஷோ நடித்த நாயகனுக்குச் சரியான எதிராளி இவர்தான். இவர்களின் பழைய பரிச்சயம் தெரியாமல் கடைசி மோதலைப் பார்த்தால் அது வெறும் கத்திச் சத்தம்.

கேள்வி: ‘செவன் சாமுராய்’ 207 நிமிடமாமே! ஒரே மூச்சில் பார்க்க முடியுமா?

பதில்: எதற்கு ஒரே மூச்சில்? 1954-லேயே இயக்குநர் அகிரா குரோசவா நடுவில் இடைவேளை விட்டிருக்கிறார். அங்கே எழுந்து கைகாலை நீட்டுங்கள். கடைசி மழைச் சண்டையின்போது மட்டும் போன் வந்தால் எடுக்காதீர்கள்.