சோலார், காத்தாலை பக்கம் போகணும்னு பொண்ணு சொல்றா, ஜனங்க எதிர்க்கிறாங்களேன்னு பயப்படுற அம்மாவுக்கு

வணக்கம்மா. நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். எங்க பாத்தாலும் காத்தாலை வேணாம், சோலார் பார்க் வேணாம்னு போராடுறாங்க, பொண்ணு படிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்த துறையே படுத்துட்டா அவ கதி என்னன்னு கேட்டிருக்கீங்க. நியாயமான பயம்தான், ஆனா பயப்பட வேண்டிய இடம் அது இல்லன்னு எனக்கு தோணுது, அத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, எதிர்க்கிறவங்க எல்லாம் விவரம் தெரியாதவங்கன்னு உங்க பொண்ணு நினைச்சுட்டு இருந்தா அத மாத்துங்க. மேய்ச்சல் நிலம் போகுது, இறக்கையில அடிபட்டு கழுகு சாகுது, ராத்திரி சத்தம் கேக்குது, கரண்ட் எங்கயோ போகுது கம்பி மட்டும் எங்க தலைக்கு மேல போகுதுன்னு அவங்க சொல்றதுல நெஜமான விஷயம் நெறைய இருக்கு. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் கடலோரமா கேப் விண்ட்னு ஒரு திட்டம், கடலுக்குள்ள 130 காத்தாலை வைக்கணும்னு 2001ல ஆரம்பிச்சாங்க, கேஸ் மேல கேஸா வந்து கடைசியில ஒரு காத்தாலை கூட நிக்காம 2017ல கைவிட்டாங்க. இதையே டென்மார்க்ல பாருங்க, கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிர்லயே, ஊர்ல இருந்து பாத்தா கண்ணுக்கு தெரியுற தூரத்துல மிடில்க்ருண்டன்னு ஒரு காத்தாலை வரிசை 2000ல இருந்து ஓடுது. அங்கயும் முதல்ல ஆட்சேபனை வந்துச்சு. மூணு வரிசையா 27 வைக்கிறதா இருந்தத, ஜனங்க பாக்க நல்லா இல்லன்னு சொன்னதும் 20ஆ குறைச்சு லேசா வளைஞ்ச ஒரே வரிசையா மாத்துனாங்க, அதுல பாதிக்கு சொந்தக்காரங்க ஒரு கூட்டுறவு சங்கம், எட்டாயிரம் பேருக்கு மேல பங்கு வாங்குனாங்க. தன் காசு அதுல சுத்துதுன்னா பாக்குற பார்வையே மாறிடும்.

இத ஏன் இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, அந்த 27ஐ 20ஆ மாத்தி திரும்ப வரைஞ்சது யாரோ ஒரு இன்ஜினியர், ஊர்க்காரங்க கூட உக்காந்து பேசுனது யாரோ ஒருத்தர், அதெல்லாமே வேலைதான். நார்வேயில ஸ்மோலா தீவுல காத்தாலையோட மூணு இறக்கையில ஒண்ணுக்கு கறுப்பு பெயின்ட் அடிச்சு பாத்தாங்க, பறவை அடிபடுறது 70 சதவீதம் கிட்ட குறைஞ்சதா 2020ல வந்த ஆய்வு சொல்லுது, சின்ன அளவுல பண்ணுன சோதனைதான், ஆனா அதுக்கும் உயிரியல் படிச்சவங்கதான் வேணும். அதனால எதிர்ப்பு வந்தா வேலை போயிடும்னு மட்டும் நினைக்காதீங்க, அதுல இருந்தே புது வேலையும் பொறக்குது.

இப்ப நெஜமா பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வரேன். ஸ்பெயின்ல அரசாங்கம் சோலார் கரண்டுக்கு தாராளமா விலை குடுத்துச்சு, 2008ல உலகத்துலயே அதிகமா பேனல் மாட்டுன நாடு அதுதான், உடனே சலுகைக்கு உச்சவரம்பு போட்டாங்க, அடுத்த வருஷமே சந்தை அப்படியே படுத்துருச்சு. பேனல் மாட்டுறத மட்டுமே கத்துக்கிட்டவங்கதான் அதுல மொதல்ல அடிபடுவாங்க. என்கிட்ட வந்த ஒரு பையனுக்கும் ஏறக்குறைய இதேதான் நடந்துச்சு, பேர்லயே சோலார்னு இருந்த ஒரு குறுகலான கோர்ஸ்ல சேந்தான், ஆர்டர் குறைஞ்சப்ப வேற எலக்ட்ரிக்கல் வேலைக்கு போகலாம்னு பாத்தா அடிப்படை பாடமே சரியா நடத்தல, திரும்ப ரெண்டு வருஷம் படிக்க வேண்டியதா போச்சு. அவன நினைச்சா எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அதனால பொண்ண எலக்ட்ரிக்கல்ல சேருங்க, இல்ல மெக்கானிக்கல்ல, அப்புறம் மேல் படிப்புல இந்த பக்கம் திரும்பட்டும். பேனல் விலை 2010க்கு அப்புறம் பத்து வருஷத்துல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கா இறங்கிருச்சு, பேனல் கிடைக்கிறது இப்ப சிக்கலே இல்ல. சிக்கல் எங்கன்னா, ஒரு தெருவுல பாதி வீட்டு மாடியில பேனல் இருக்குன்னு வச்சுக்கோங்க, மத்தியானம் வெயில் நல்லா அடிக்குது, வீட்ல ஆளில்ல, எல்லா வீட்டு கரண்டும் ஒரே நேரத்துல லைனுக்கு போகுது, லைன்ல வோல்டேஜ் ஏறுது, ஒரு அளவ தாண்டுனதும், பேனல் கரண்ட வீட்டு கரண்டா மாத்துற இன்வெர்ட்டர் தானா கட் ஆயிடுது, வெயில் இருந்தும் கரண்ட் வரல. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து லைட்டு, ஏசி போடுறப்ப வெயிலே இல்ல. இத சரி பண்றதுக்கு பவர் எலக்ட்ரானிக்ஸ் (கரண்ட தேவையான மாதிரி மாத்துற கருவிகளோட பாடம்), பேட்டரி ஸ்டோரேஜ், கிரிட்னு சொல்ற மின்கம்பி வலையோட ப்ரொடெக்‌ஷன் தெரிஞ்ச ஆள் வேணும். நாளைக்கு காத்தாலையே வேணாம்னு ஒரு நாடு முடிவு பண்ணாலும் இந்த படிப்பு வீணா போகாது, கிரிட் எங்கயும் இருக்கும்ல.

எத்தன பேருக்கு வேலை இருக்குன்னும் கேட்டிருந்தீங்க. சர்வதேச புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை கணக்குப்படி 2023ல உலகம் முழுக்க புதுப்பிக்கத்தக்க எரிசக்தி துறையில 1.62 கோடி பேர், அதுல சோலார்ல மட்டும் 70 லட்சத்துக்கு மேல. ஆனா மொத்தத்துல கிட்டத்தட்ட பாதி சீனாவுல இருக்கு, அதயும் சேத்தே பாருங்க.

காத்தாலை மேல ஏறுற வேலை பொண்ணுக்கு ஒத்துவருமான்னு கேட்டீங்க, பொண்ணுங்க செய்றாங்கம்மா. நூறு மீட்டர் உயரம், உடம்புல பெல்ட் மாட்டிக்கிட்டு ஏணியில ஏறணும், மேல போனா ஒரு சின்ன ரூம் மாதிரி இருக்கும், அதுக்குள்ள குனிஞ்சு வேலை பாக்கணும். உயரம்னா அவளுக்கு தலை சுத்துமா சுத்தாதான்னு அவகிட்டயே கேளுங்க. சுத்துனாலும் பரவால்ல, கண்ட்ரோல் ரூம்ல, டிசைன்ல, ஊர்க்காரங்ககிட்ட பேசுற பக்கம்னு எடம் நெறைய இருக்கு.

இப்போதைக்கு அவ பாத்து வச்சிருக்கிற மூணு காலேஜோட சிலபஸ எடுங்க, பவர் சிஸ்டம்ஸ், மெஷின்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ் மூணும் லேபோட இருக்கான்னு அவளையே டிக் அடிக்க சொல்லி எனக்கு அனுப்புங்க, உக்காந்து பாத்து சொல்றேன்.