பாறை முடிந்து கரிசல் தொடங்கும் இடம்

பாலக்காடு மாவட்டக் கொழிஞ்சாம்பாறையில் கிணற்றிலிருந்து தோப்புக்குப் புதைக்கும் பிவிசி குழாய் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கேட்டிருந்தீர்கள். பயம் வீண் இல்லை, 1900இல் பக்கத்துக் கோயம்புத்தூரே ஆடியிருக்கிறது.

வழிநெடுக ஒரே மண் என்றால் குழாய் மண்ணோடு சேர்ந்தே அசையும், பெரிதாக ஒன்றும் ஆகாது. சிக்கல், பாறை முடிந்து கரிசல் தொடங்கும் அந்தச் சில மீட்டரில்தான். இரண்டும் வேறு வேறு அளவில் நகரும். பசை போட்ட இணைப்பு வளைந்து கொடுக்காமல் விட்டுவிடும். கரிசல் கோடையில் வெடித்து மழையில் ஊதுவதால், நடுக்கமே வராவிட்டாலும் முதலில் ஒழுகுவது அங்கேதான் (எங்கள் தோப்பில் இரண்டு முறை!). அந்தத் துண்டுக்கு மட்டும் சூட்டில் இணைத்த எச்டிபிஇ (வளைந்து கொடுக்கும் பாலிஎத்திலீன் குழாய்) போடுங்கள். நியூசிலாந்தின் 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்தில் அந்தக் குழாய்கள் நன்றாகத் தாங்கின. அப்புறம், குழாய் தண்ணீர்த் தொட்டிச் சுவரைத் துளைத்துப் போகும் இடத்தில் சிமென்ட் வைத்து இறுக்காதீர்கள். ரப்பர் வளையம் போதும்.